மெம்பிஸ் 1968: சுயமரியாதையும் சந்தாப் பிடித்தமும்

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது நமக்குத் தெரியும். அன்று அவர் மெம்பிஸ் நகரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டால் பலரிடம் பதில் வராது. அங்கே குப்பை அள்ளும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் துணையாகத்தான் கிங் போயிருந்தார். அவர் முதன்முதலாக அவர்கள் மத்தியில் பேசியபோதே வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவர் கொல்லப்பட்ட பிறகும் அது 12 நாட்கள் நீடித்தது. அந்தப் போராட்டம் கிங் தொடங்கியதல்ல. தொழிலாளர்கள் தொடங்கியது, அவர்களே முடித்தது.

அந்தப் போராட்டத்தின் புகைப்படம் ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் நீண்ட வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே வாசகம் எழுதிய அட்டை: 'நான் ஒரு மனிதன்'. அந்த வாசகம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பேச்சுவார்த்தையில் மேயர் இறுதிவரை முரண்டு பிடித்த விஷயம் நம் காதுக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை. சங்கத்தை எழுத்தில் அங்கீகரிக்க முடியாது, சங்கச் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கொடுக்க முடியாது என்பதுதான் அவருடைய பிடிவாதம்.

சந்தாப் பிடித்தம் என்பது சம்பளப் பட்டியலில் ஒரு எழுத்தர் போடுகிற ஒற்றை வரி. அதற்காக ஒரு நகரமே நாறிக் கிடந்தது. ஆயுதப்படை தெருவில் இறங்கியது. உயிர்கள் போயின. ஒரு மேயர் ஏன் அந்த வரிக்கு அவ்வளவு பயந்தார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அமெரிக்காவில் இன்று நடப்பதும் புரியும், நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் புரியும்.

மழைக்கு ஒதுங்க இடமில்லை

மெம்பிஸ், டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள நகரம். பருத்தி வணிகத்தால் வளர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் வெள்ளை நிலவுடைமையாளர்களின் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள், இயந்திர அறுவடை வந்து வேலை போனதும் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தன. அவர்களுக்காகத் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று நகராட்சியின் குப்பை வேலை. அள்ளுகிறவர்கள் கறுப்பினத்தவர், மேற்பார்வை செய்கிறவர்கள் வெள்ளையர்.

வீடுகளின் கொல்லைப்புறம் வரை போய்க் குப்பையைத் தொட்டியில் வாரி, தலையிலோ தோளிலோ வைத்து வண்டிக்குச் சுமந்து வர வேண்டும். தொட்டிகளில் ஓட்டை. அழுகிய நீர் தலையிலும் சட்டையிலும் வழியும். கை கால் கழுவ இடம் கிடையாது. அதே நாற்றத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். கூடுதல் நேர வேலைக்குக் கூலி இல்லை. முழுநேரம் உழைத்தும் பலருடைய குடும்பங்கள் அரசின் வறுமை நிவாரணத்துக்குத் தகுதி பெறும் அளவுக்குத்தான் சம்பளம். ஊர்க்காரர்கள் இவர்களுக்கு வைத்திருந்த கேலிப் பெயர் 'நடக்கும் கழுகுகள்'. பிணம் தின்னும் கழுகைச் சொல்கிறார்கள்.

1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் வண்டியின் பின்னால் குப்பை அழுத்தும் பெட்டிக்குள் ஒதுங்கினார்கள். முன்னால் இருக்கையில் இடமில்லை. வழியில் ஏதாவது வீட்டு வாசலில் ஒதுங்கலாமே என்றால், குடியிருப்புப் பகுதிகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் அப்படி நிற்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. மின்கோளாறால் அழுத்தும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இருவரும் நசுங்கிச் செத்தார்கள். கோலுக்கு 36 வயது, வாக்கருக்கு 30. அந்தப் பழைய வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நகராட்சியின் ஏட்டில் இருவரும் 'வகைப்படுத்தப்படாத', மணிக்கூலிப் பணியாளர்கள். ஆகவே தொழிலாளர் விபத்து இழப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. ஆயுள் காப்பீடும் இல்லை. குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும் கொடுத்து நகராட்சி கணக்கை முடித்துக்கொண்டது. வாக்கரின் மனைவி அப்போது கர்ப்பிணி.

மழையை ஒட்டி இன்னொன்றும் நடந்தது. கறுப்பினச் சாக்கடைத் தொழிலாளர்கள் 22 பேரை மழை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பி அன்றைய கூலியை வெட்டினார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்கள் இருந்த இடத்தில் இருந்தே முழுச் சம்பளம் வாங்கினார்கள். ஒரே மழைதான். யாருக்குக் கூலி உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானித்தது தோலின் நிறம். அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது ஏட்டில் இருந்த வகைப்பாடு.

சட்டத்தில் விடப்பட்ட ஓட்டை

1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்துவிட்டன. அப்படியிருந்தும் 1968இல் ஏன் இந்த நிலை?

பதில் 1935இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்கா தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தை இயற்றியது. சங்கம் வைக்கவும் கூட்டுப் பேரம் பேசவும் தொழிலாளர்களுக்கு உரிமை கொடுத்த சட்டம் அது. ஆனால் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் அது பொருந்தாது. மாநில அரசு, நகராட்சி ஊழியர்களுக்கும் பொருந்தாது. அதே ஆண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓய்வூதியத் திட்டமும் தொடக்கத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலையாட்களையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் எந்த வேலைகளில் இருந்தார்கள்? பருத்திக் காட்டிலும் வெள்ளையர் வீட்டு அடுப்படியிலும்தான். அங்கிருந்து தப்பி நகரத்துக்கு வந்தால் நகராட்சிக் குப்பை வேலை. 'கறுப்பர்' என்ற சொல் அந்தச் சட்டங்களில் எங்கும் இல்லை. தொழிலின் பெயரை எழுதினாலே போதுமானதாக இருந்தது. தொழிலை வைத்தே ஆளை ஒதுக்கும் வித்தையைப் பிறவியிலேயே அறிந்தவர்கள் நாம். இதை நமக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மெம்பிஸ் தொழிலாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1963இல் சங்கம் கட்ட முயன்றதற்காக 33 பேர் வேலையை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான டி.ஓ. ஜோன்ஸ் சங்க வேலையை முழுநேரமாக எடுத்துக்கொண்டார். 1964இல் மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களின் தேசியச் சங்கமான ஆஃப்ஸ்மியின் 1733ஆம் கிளை உருவானது. 1966இல் வேலைநிறுத்தம் செய்யப் பார்த்தார்கள். நீதிமன்றத் தடை வாங்கி நகராட்சி அதை முறித்தது.

1968 ஜனவரியில் மேயரான ஹென்றி லோப், முன்பு பொதுப்பணித் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தத் தொழிலாளர்களை ஆண்டு பழகியவர். யாருக்காவது குறை இருந்தால் என் அறைக் கதவு திறந்திருக்கிறது, நேரில் வந்து சொல்லட்டும் என்பது அவர் பாணி. நம் ஊர்ப் பண்ணையாரும் இதையேதான் சொல்வார். தனியாளாக வந்து கைகட்டி நின்றால் ஏதாவது கொடுப்பார். கூட்டாக வந்து உரிமை என்று கேட்டால் கதவை அடைப்பார்.

அட்டையில் ஒரு வாசகம்

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. எந்தத் தலைவரின் அறைகூவலுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. தேசியச் சங்கத்தின் நிர்வாகிகளே பிறகுதான் ஓடிவந்தார்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று லோப் அறிவித்தார். புதிய ஆட்களை எடுத்தார்.

மெம்பிஸின் கறுப்பின நடுத்தர வர்க்கம் உடனடியாக ஒட்டுமொத்தமாக வந்து நின்றுவிடவில்லை. போதகர்கள், வணிகர்கள், ஆசிரியர்களில் பலர் இதைக் குப்பைத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினையாகத்தான் பார்த்தார்கள். பிப்ரவரி 23 அன்று தொழிலாளர்களோடு போதகர்களும் ஊர்வலத்தில் நடந்தார்கள். காவல்துறை எல்லோர் முகத்திலும் எரிபுகையை அடித்தது. தூய வெள்ளைச் சட்டை போட்ட போதகருக்கும் குப்பை அள்ளுகிறவருக்கும் அது வித்தியாசம் பார்க்கவில்லை. அடுத்த நாளே போதகர்கள் கூடி ஆதரவுக் குழு அமைத்தார்கள். நகர மையத்துக் கடைகளையும் நாளிதழ்களையும் மேயர் குடும்பத்தின் கடைகளையும் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. கார்னிலியா கிரென்ஷா போன்ற பெண்கள் வேலைநிறுத்தக் குடும்பங்களின் சோற்றுக்கும் வாடகைக்கும் ஓடித் திரிந்தார்கள். அட்டையில் 'மனிதன்' என்று ஆண்பாலில் எழுதியிருந்தாலும், இரண்டு மாதம் அடுப்பெரிய வைத்தது பெண்கள்தான்.

அந்த வாசகத்தின் வேரையும் தெரிந்துகொள்ள வேண்டும். தென் மாநிலங்களில் வெள்ளையர் எந்த வயதுக் கறுப்பின ஆணையும் 'பையா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேரன் எடுத்தவரும் 'பையன்'தான். தாத்தா வயதுக்காரரைப் பொடிப்பயல் 'ஏண்டா' என்று கூப்பிடும் தெருக்களை அறிந்தவர்களுக்கு அந்த அட்டை எதற்குப் பதில் சொன்னது என்பது சட்டென்று விளங்கும்.

நாக்பூர் வழியாக ஒரு நூல்

ஆதரவுக் குழுவை வழிநடத்தியவர் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் போதகர். கொரியப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பை மறுத்துச் சிறைக்குப் போனவர். விடுதலையான பிறகு 1953இல் நாக்பூருக்கு வந்து, ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டுகள் பணிபுரிந்து காந்தியின் போராட்ட முறைகளைப் படித்தார். அவர் ஊழியம் செய்த அதே நகரத்தில்தான் 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். கறுப்பினப் போராட்டம் இந்தியாவிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்ற வரலாறு காந்தியோடு நிறுத்தப்படுகிறது. அதே ஊரில் இருந்த இன்னொரு பாதை அந்தக் கதைக்குள் வருவதில்லை.

ஆனால் அந்தப் பாதையிலும் போக்குவரத்து இருந்தது. 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுக்கப்பட்ட மனுவின் படி கிடைக்குமா என்று கேட்டார். டுபோய்ஸ் பதில் எழுதினார். 1959இல் இந்தியா வந்த கிங்கை, கேரளப் பள்ளி ஒன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதிர்ந்தாலும், யோசித்தபோது அது உண்மைதான் என்று உணர்ந்ததாக 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங்கே சொன்னார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

லாசன் அழைத்ததால்தான் கிங் மெம்பிஸ் வந்தார். அப்போது அவர் ஏழை மக்கள் இயக்கத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். நேரமில்லை, போக வேண்டாம் என்று உடனிருந்தவர்கள் தடுத்தார்கள். மார்ச் 18 அன்று மேசன் ஆலயத்தில் பெருங்கூட்டத்தின் நடுவே பேசினார். உணவகத்தில் எல்லோரோடும் உட்காரும் உரிமை கிடைத்து, வாங்கிச் சாப்பிடக் காசில்லை என்றால் என்ன பயன் என்பது அன்றைய பேச்சின் சாரம். மார்ச் 28 ஊர்வலத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. காவல்துறை பாய்ந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுச் சிறுவனைச் சுட்டுக் கொன்றது. சுமார் 4,000 தேசியக் காவல் படையினர் இறங்கினார்கள். மறுநாள், துப்பாக்கி முனைகளைக் கடந்து அதே தொழிலாளர்கள் அதே அட்டைகளோடு நடந்தார்கள். ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் விடுதியின் மாடியில் கிங் சுடப்பட்டார். ஏப்ரல் 8 அன்று கொரெட்டா ஸ்காட் கிங் முன்னால் நடக்க, பல்லாயிரம் பேர் மெம்பிஸில் மௌன ஊர்வலம் போனார்கள்.

அந்த ஒற்றை வரி

குடியரசுத் தலைவர் ஜான்சன் தொழிலாளர் துறையின் துணைச் செயலர் ஜேம்ஸ் ரெனால்ட்ஸை அனுப்பினார். ஏப்ரல் 16 அன்று உடன்பாடு வந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம். குறைகளை விசாரிக்க முறையான நடைமுறை. பாகுபாட்டுக்குத் தடை. மணிக்கு 15 சென்ட் ஊதிய உயர்வு, அதுவும் இரண்டு தவணையில். நகராட்சி பணமில்லை என்றதும் ஏப் ப்ளவ் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் அந்த உயர்வுக்கான தொகையைக் கொடுத்தார். ஒரு மாநகரம் தன் தொழிலாளர்களுக்கு மறுத்த பணம் ஒரு தனிமனிதரின் கைக்குள் அடங்குகிற அளவுதான் என்று அன்று தெரிந்துபோனது. எனவே பிரச்சினை பணமாக இருந்திருக்க முடியாது.

சந்தாவுக்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள். தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு நகராட்சி பணம் பிடித்துக் கொடுக்கும், அங்கிருந்து சந்தா சங்கத்துக்குப் போகும். மேயர் தன் கையால் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தொழிலாளர்களுக்குத் தேவையானது கிடைத்தது.

ஏன் இது அவ்வளவு முக்கியம்? சந்தாவை ஆள் ஆளாகப் போய் வசூலிக்கும் சங்கம் ஒவ்வொரு மாதமும் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. மேற்பார்வையாளர் பார்த்துவிடுவாரோ என்று கொடுக்கிறவருக்குப் பயம். வீட்டில் அரிசி இல்லாத மாதம் கொடுக்க முடியாது. பிடித்தம் என்று வந்துவிட்டால், சங்கம் இருக்கிறது என்பதை நிர்வாகமே தன் ஏட்டில் மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. வழக்கறிஞருக்கும், அலுவலக வாடகைக்கும், அடுத்த வேலைநிறுத்தத்துக்கும் பணம் சேர்கிறது. கோபம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும், பிடித்தம் நிற்காது. லோப் பயந்தது இதற்குத்தான். நான் மனிதன் என்று ஒருவர் சொல்வதை ஆதிக்கம் சகித்துக்கொள்ளும். அந்த மனிதர் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் தன் கூட்டத்தோடு வந்து நிற்பார் என்ற உறுதியைத்தான் அதனால் சகிக்க முடியாது.

நினைவுச் சின்னமும் தடைச் சட்டமும்

இன்று மெம்பிஸில் 'நான் ஒரு மனிதன்' என்ற பெயரில் ஒரு நினைவுச் சதுக்கம் இருக்கிறது. 2018இல், ஐம்பதாம் ஆண்டு நினைவின்போது திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்து உயிரோடு இருந்த தொழிலாளர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுப்பதாக நகராட்சி அறிவித்தது. காரணம், போராட்டத்துக்குப் பிறகு அவர்கள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் போனதால் நகராட்சி ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லாமல் போயிருந்தது. 80 வயதைத் தாண்டியும் குப்பை வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவரும் அவர்களில் இருந்தார். 1968இல் கவனிக்காமல் விடப்பட்ட ஒரு விதி அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு முதியவரை விடிகாலையில் எழுப்பி வேலைக்கு அனுப்பியது.

ஒரு பக்கம் இப்படி மரியாதை. மறுபக்கம் பாருங்கள். ஆஃப்ஸ்மி சங்கம் பிறந்த விஸ்கான்சின் மாநிலத்தில் 2011இல் ஒரு சட்டம் வந்தது. பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை நறுக்கி, சந்தாப் பிடித்தத்தையும் நிறுத்தியது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், ஆஃப்ஸ்மிக்கு எதிரான ஜேனஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரத்தின் பலனை அனுபவிக்கும் உறுப்பினரல்லாத அரசு ஊழியர்களிடம் சங்கம் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. 2023இல் ஃபுளோரிடா பெரும்பாலான அரசு ஊழியர் சங்கங்களுக்குச் சந்தாப் பிடித்தத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு டென்னசி, ஆம், அதே டென்னசி, ஆசிரியர் அமைப்புகளுக்கான சந்தாப் பிடித்தத்தை நிறுத்தியது. ஊதிய உயர்வையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே கட்டிக் கொடுத்தார்கள். காசை வாங்கிக்கொள், சங்கத்தை விட்டுவிடு என்பது அதன் பொருள்.

விஸ்கான்சினும் ஃபுளோரிடாவும் காவலர் சங்கங்களுக்கு விலக்கு அளித்தன. அரசு வேலை கறுப்பின மக்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நடுத்தர வாழ்க்கைக்கு ஏறும் படியாக இருக்கிற நாடு அது. அங்கே ஆசிரியரின் சந்தாவும் துப்புரவுத் தொழிலாளியின் சந்தாவும் ஆபத்தாகத் தெரிகின்றன. தடி பிடித்தவரின் சந்தா அப்படித் தெரியவில்லை. வாசகத்துக்குச் சதுக்கம் கட்டலாம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. பிடித்தத்தில்தான் அதிகாரம் கைமாறுகிறது. லோப் புரிந்துவைத்திருந்ததை இன்றைய சட்டமன்றங்களும் புரிந்துவைத்திருக்கின்றன.

நாம் படிக்க வேண்டிய ஏடு

நிறமும் சாதியும் ஒன்றல்ல. மெம்பிஸை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. ஆனால் 'வகைப்படுத்தப்படாத' என்ற அந்தச் சொல்லை நாம் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இங்கே அதற்கு ஒப்பந்தம், தினக்கூலி, சுயஉதவிக் குழு, வெளிமுகமை என்று பல பெயர்கள். கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. ஆனால் இவர் எங்கள் ஆளே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று மேலே இருப்பவர் கைகழுவ, அந்தப் பெயர்களில் ஒன்று போதும். கோலும் வாக்கரும் நசுங்கியது இயந்திரத்தில். அவர்களுடைய குடும்பங்களை நசுக்கியது ஏட்டில் இருந்த ஒரு சொல்.

நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். முழக்கம் எழுப்ப நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்கு நாம் கூடுதலாகக் கொண்டுபோகக்கூடியது, படிக்கத் தெரிந்த கண். அவருடைய பணி ஆணையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது? வைப்பு நிதி பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா? விபத்து நடந்தால் முதலாளி என்று யார் பெயர் வரும்? சங்கத்துக்குச் சந்தா எப்படிப் போகிறது? இவை சுவரொட்டிக்கு ஏற்ற கேள்விகள் அல்ல. மெம்பிஸில் அந்த 1,300 பேர் இரண்டு மாதம் பட்டினி கிடந்து வாங்கியது இப்படிப்பட்ட கேள்விகளுக்கான பதில்களைத்தான். அடுத்த முறை அந்தப் புகைப்படத்தைப் பகிரும்போது, அட்டையில் எழுதியிருப்பதோடு, அவர்கள் எதில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோல், வாக்கர் என்ற இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.